கிருஷ்ணகிரி அணை சுற்று நடை: எங்கே தொடங்குவது?

கேள்வி, ஜனவரி 11

"எனக்குச் சொந்த ஊர் முட்டம் பக்கம். கடலோரப் பாறை மேலேறி இறங்கி, தோப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு, சாயங்காலம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது பழக்கம். இப்போது வேலை மாற்றலாகி கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். நடக்க இடம் கேட்டால் எல்லோரும் கோட்டை மலையைக் காட்டுகிறார்கள், தண்ணீர் என்றால் ஒகேனக்கல் போ என்கிறார்கள். தண்ணீர் ஓரம், பாறை, விவசாய நிலம் மூன்றும் ஒரே நாளில் வட்டமாக நடக்கக் கிடைக்குமா?"

ஜனவரி 11, இரவு

கிடைக்கும். கிருஷ்ணகிரி அணையிலிருந்து (இங்கே கே.ஆர்.பி. அணை என்பார்கள்) தென்பெண்ணை ஆற்றை ஒட்டிக் காவேரிப்பட்டணம் வரை இறங்குங்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது ஆற்றை விட்டு மேலேறி கால்வாய்க் கரை பிடித்து அணைக்கு வந்து விடுங்கள். வளைவு நெளிவெல்லாம் சேர்த்தால் இருபது கிலோமீட்டரை ஒட்டி வரும். விடியலில் கிளம்பினால் இருட்டுவதற்குள் தாராளமாக முடியும்.

கோட்டை மலை நல்ல ஏற்றம்தான். ஆனால் ஏறின படியிலேயே இறங்க வேண்டும், அரை நாளில் முடிந்துவிடும். ஒகேனக்கலில் பாறையும் காவிரியும் இருக்கிறது, சுற்றிலும் காடு. 2022-இல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் அறிவித்த பிறகு கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் காவிரியை ஒட்டின காட்டில் பெரும் பகுதி அதற்குள் வந்துவிட்டது. நினைத்த நேரத்தில் நினைத்த பக்கம் கால் வைக்க முடியாது. பரிசலில் போய்ப் பாருங்கள், மீன் சாப்பிடுங்கள். நீங்கள் கேட்கிற நடை அங்கே இல்லை.

ஜனவரி 12

நேற்று அவசரத்தில் வழி மட்டும் சொன்னேன். இந்த நடை எனக்கு ஏன் பிடிக்கும் என்பதைச் சொல்லவே இல்லை.

அணையிலிருந்து இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று என இரண்டு கால்வாய் பிரிகிறது. ஆறு தன் போக்கில் பள்ளத்தைப் பார்த்து இறங்கிவிடும். கால்வாய் அப்படி இறங்காது. உயரத்தை விடாமல், மேட்டின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, மிக மெதுவான சரிவில் போகும். அதனால் அணையருகே ஒட்டினாற்போல் இருக்கிற ஆறும் கால்வாயும் போகப் போக விலகும். அந்த இடைவெளிதான் பாசன நிலம். கால்வாய்க்குக் கீழே நெல், தென்னை, வாழை. மேலே மா, கொள்ளு, கேழ்வரகு, புளி, அப்புறம் கரடு. ஒரே கரையில் நின்று இடது கைப்பக்கம் பார்த்தால் ஒரு ஊர், வலது கைப்பக்கம் பார்த்தால் வேறு ஊர் என்று தோன்றும். கரையின் அகலம் ஒரு டிராக்டர் போகும் அளவுதான்.

இப்போது போனால் நடவு பார்க்கலாம். போன வாரம் திம்மாபுரம் பக்கம் ஒரு வயலில் நாற்று முடிகளை, அதாவது நாற்றுக் கட்டுகளை, கரையிலிருந்தே விசிறி எறிந்துகொண்டிருந்தார் ஒரு பெரியவர். ஒவ்வொரு முடியும் சேற்றில் வேர் கீழாகவே நிமிர்ந்து விழுந்தது. ஆட்கள் எவ்வளவு தூரத்துக்கு ஒரு முடி நடுவார்கள் என்று கணக்குப் பண்ணி அந்த இடைவெளியில் எறிகிறார். நடுகிறவர்கள் குனிந்த முதுகை நிமிர்த்தாமல் அடுத்த முடியை எடுத்துக்கொள்கிறார்கள். நான் நடையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

1957-இல் காமராஜர் திறந்த அணை. அதற்கு முன் கால்வாய்க்குக் கீழே இருக்கிற இந்த நிலமும் மேலே இருப்பதைப் போல மானாவாரியாகத்தான் இருந்தது என்று எங்கள் தாத்தா சொல்வார். இன்றைக்கு அந்த இரண்டு கால்வாய்களை நம்பி 9,012 ஏக்கர் இருக்கிறது. பெரியமுத்தூர், சுண்டேகுப்பம், சௌட்டஅள்ளி, மிட்டஅள்ளி, எர்ரஅள்ளி, பாலேகுளி என்று பதினாறு ஊராட்சி.

ஜனவரி 13

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளைக்கு இந்தச் சுற்று ஊர்களில் எருது விடும் விழா நடக்கும். அன்றைக்கு அந்த ஊர் வழியாக நடக்க வேண்டாம். தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி நடுவில் எருது ஓடும், ஒதுங்க இடம் இருக்காது. விழா பார்க்கப் போனால் மேடான இடமாகப் பார்த்து நின்று பாருங்கள். நடைக்கு வேறு நாள்.

ஜனவரி 19

அணையில் தொடங்காமல் காவேரிப்பட்டணத்தில் தொடங்கினால் என்ன என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் வேண்டாம் என்றுதான் எழுத வந்தேன். விடியற்காலை அணை நீரில் நீர்க்காகம் வரிசையாக உட்கார்ந்து சிறகு காய வைக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது எனக்குப் பழகிப்போனது. ஆனால் இந்த ஞாயிறு அவர் சொன்னபடி நடந்து பார்த்தேன். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஆறு அணையிலிருந்து தென்கிழக்காக இறங்குகிறது. அணையில் தொடங்கினால் காலை வெயில் கண்ணில் அடிக்கும், திரும்பும்போது மேற்கு வெயில் முகத்தின் ஒரு பக்கத்தைப் பதம் பார்க்கும். காவேரிப்பட்டணத்தில் தொடங்கினால் காலை வெயில் முதுகில். மத்தியானம் அணையில் இளைப்பாறி, சாயங்காலம் இறங்கும்போது மேற்கு வெயில் முகத்துக்கு வராது. கோடை நெருங்க நெருங்க இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

பேருந்தும் அப்படித்தான். கிருஷ்ணகிரி - தருமபுரி வண்டிகள் காவேரிப்பட்டணம் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அணைக்கு அந்த வசதி இல்லை, அங்கே சாயங்காலம் காத்துக் கிடக்க நேரும். அதற்கு மேல் சாப்பாடு. அணைக்கு எதிரே கடைகளில் மசாலா தடவி வைத்திருக்கிற மீனைக் கண் முன்னால் கல்லில் போட்டு வறுத்துக் கொடுப்பார்கள். பத்து கிலோமீட்டர் நடந்து வந்து அதைச் சாப்பிடுவது ஒரு தனிச் சுகம். முடிக்கும் இடம் காவேரிப்பட்டணம் என்பதால் வீட்டுக்குப் பால்கோவாவும், தட்டை மாதிரி இருக்கிற நிப்பட்டும் வாங்கிப் போகலாம்.

ஆகவே என் யோசனை மாறிவிட்டது. தொடக்கம் காவேரிப்பட்டணம்.

ஆற்றோரம் காலையிலா சாயங்காலமா என்பதில் மட்டும் மாற்றம் இல்லை. காலையில்தான் ஆறு. காரணம் இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது கால் கெஞ்சுகிறது.

ஜனவரி 21

அந்தக் காரணம்: குழி.

தென்பெண்ணையில் மணல் எடுத்த இடங்கள் அப்படியே பள்ளமாகக் கிடக்கின்றன. தண்ணீர் தேங்கி மேலே பாசி படர்ந்தால் முழங்கால் ஆழமா, இரண்டு ஆள் ஆழமா என்று தெரியாது. கரையிலும் முள் மண்டின இடங்களில் மண் சரிந்திருக்கும். உடம்பும் கண்ணும் தெளிவாக இருக்கிற காலை நேரத்தில்தான் அந்தப் பக்கம் நடக்க வேண்டும். களைத்துப்போன நேரத்துக்குக் கால்வாய்க் கரை சரி, சமதரை, யோசிக்காமல் நடக்கலாம்.

ஆற்றில் குளிக்க இறங்காதீர்கள். கடலோரத்தில் வளர்ந்தவர், நீச்சல் தெரிந்திருக்கும். இருந்தாலும் வேண்டாம்.

முட்டத்துக்காரருக்கு ஏமாற்றம் வரக்கூடாது என்பதற்காகப் பாறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்குள் பாறை தலைகாட்டும் இடங்களில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக, சில இடத்தில் மடிந்து சுருண்டு ஓடும். நீஸ் வகைப் பாறை. பூமிக்கு அடியில் வெந்து நசுங்கி உருமாறினது, வயது சுமார் 250 கோடி ஆண்டு. தண்ணீர் தேய்த்த பக்கம் கை வைத்தால் வழவழப்பு, தேய்க்காத பக்கம் சொரசொரப்பு. இந்த மாவட்டத்தில் அறுத்து ஏற்றுமதி ஆகும் கிரானைட்டும் இதே பழங்காலத்து அடிப்பாறையோடு சேர்ந்ததுதான். அலை இல்லை, உப்புக் காற்று இல்லை. பாறை இருக்கிறது.

ஜனவரி 26

நடந்த வழியைக் கைப்பேசியில் பதிவு செய்து கோப்பாகப் போடச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். போட மாட்டேன். விளக்கமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆற்றோரம் முழுக்கப் பாதை கிடையாது. பாதி தூரம் வரப்பு, பாதி தூரம் தோப்புக்குள் மாடு போகிற தடம். அது யாருடையதோ நிலம். அவர் இந்தப் போகம் நெல் வைத்தால் வரப்பில் நடக்கலாம். அடுத்த போகம் வரப்பை வெட்டிச் சின்னதாக்கிவிட்டால் நடக்க முடியாது. மடை திறந்த நேரத்தில் ஈர வரப்பில் நாலு பேர் நடந்தால் வரப்பு உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிறவருக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசியுங்கள். வழிக் கோப்பை ஒரு தடவை போட்டுவிட்டால் அதைப் பார்த்துக்கொண்டே வருகிறவர்கள் யாரையும் கேட்க மாட்டார்கள்.

கேட்டால் யாரும் மறுத்ததில்லை. ஒரு முறை வரப்பு முடிந்து வேலி வந்துவிட்டது. பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "எந்த ஊரு கண்ணு? யாரு வீட்டுக்கு?" என்றார்.

"யார் வீட்டுக்கும் இல்லைங்க அம்மா, சும்மா நடந்து அணை வரைக்கும்."

"பஸ்ஸு இல்லையா?"

"இருக்குங்க. நடக்கணும்னுதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து, வேலியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, "நேரா போயி மோட்டார் ரூமுகிட்ட திரும்பு. நாய் குலைக்கும், பேரு மணி, பேரு சொல்லிக் கூப்பிட்டா சும்மா இருக்கும்" என்றார். மணி என்று கூப்பிட்டதும் அது உண்மையிலேயே வாலை ஆட்டிக்கொண்டு மோட்டார் அறை வரை கூடவே வந்தது. எந்தக் கோப்பிலும் இது ஏறாது.

பெண்கள் தனியாக நடக்கலாமா என்று கேட்டவருக்கு: நான் பெண்தான். கால்வாய்க் கரையில் பகலில் தனியாக நடக்கிறேன், வயலில் எப்போதும் ஆள் இருக்கும். ஆற்றோரப் பகுதிக்குத் துணை இல்லாமல் போவதில்லை. குழிதான் முதல் காரணம்.

பிப்ரவரி 9

மா பூத்துவிட்டது. பூக்காலத்தில் கால்வாய்க்கு மேலே இருக்கிற தோப்புகளில் மருந்து அடிப்பார்கள், பெரும்பாலும் காலையில், காற்று ஏறுவதற்கு முன். புகை போல மிதந்து வரும். இஞ்சின் சத்தம் கேட்டாலே கீழ்ப்பக்கம் இறங்கி வயலோரமாகப் போய்விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த ஒரு மாதம் தள்ளிப்போடுவது நல்லது.

பிப்ரவரி 16

பெண்ணேஸ்வரமடம் கோயிலைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: சேர்க்காமல் போனால்தான் தப்பு. ஆற்றங்கரைச் சிவன் கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளது. உள்ளே போய்விட்டு வந்து நடுகற்களைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து பாருங்கள். கையில் வில்லோ வாளோ, முன்னால் சாய்ந்த கால், சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்தபடியே நிற்கும் வீரன். ஆநிரை கவர வந்தவர்களை எதிர்த்தும் ஊரைக் காத்தும் செத்தவர்களுக்கு நட்டவை.

எங்கள் பக்கம் வயல் நடுவிலும் புளிய மரத்தடியிலும் நடுகல் இருக்கும். அதை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பொங்கல் வைப்பார்கள். வேடியப்பன் என்று பேர் வைத்த ஆண்கள் இங்கே ஏராளம். நடக்கும்போது எண்ணெய் படிந்த கல் ஒன்று நிற்பதைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள். அது அருங்காட்சியகப் பொருள் இல்லை, ஒரு குடும்பத்தின் குலசாமியாக இருக்கும்.

பிப்ரவரி 17

நேற்று எழுதினதோடு சேர்த்து: கோயிலில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

மார்ச் 2

தண்ணீரின் நாற்றம் பற்றி ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது முழுக்க உண்மை, மூடி மறைக்க ஒன்றுமில்லை.

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறநகரை உரசிக்கொண்டு ஓசூருக்கு வருகிறது. வருகிற வழியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்கிறது. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் ஆள் உயரத்துக்கு நுரை பொங்குவதைப் படமாகப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர்தான் நம் அணைக்கும் வருகிறது. இங்கே வருவதற்குள் நுரை அடங்கிவிடும், ஆனால் வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தால் பச்சை நிறமாகி வாடை அடிக்கும். ஒரு காலத்தில் அணையில் முகம் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம். இப்போது பாட்டில் தண்ணீரில் கை கழுவுகிறேன். எழுதும்போதே வயிறு எரிகிறது.

அதனால் நடக்காமல் இருந்துவிடலாமா என்றால், என் பதில் இல்லை. கரையில் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் தண்ணீர் எந்த நாளில் எந்த நிறத்தில் வருகிறது என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். குடிதண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், ஆளுக்கு மூன்று லிட்டர்.

மார்ச் 15

புளி அடிக்கிற காலம். கால்வாய்க்கு மேலே ஒரு மரத்தடியில் நிழலுக்கு ஒதுங்கினேன். உச்சிக் கிளையில் இருந்தவர் கழியால் உலுக்க, கீழே தார்ப்பாயில் மழை போலக் கொட்டியது. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலை பெண்களுக்கு. கிருஷ்ணகிரி பழையபேட்டைக்குப் போனால் இந்த மாதம் தெருவே புளி வாசம்தான். எனக்கு ஒரு கை நிறையப் புது உருண்டை கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் கேழ்வரகுக் களியும் அந்தப் புளியில் வைத்த அவரைக்கொட்டைக் குழம்பும். நடைக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதத் தோன்றியது.

நான்கு வழிச் சாலை அகலமாக்கினபோது இரண்டு பக்கமும் இருந்த புளிய மரங்கள் போய்விட்டன. பழைய நிழலில் நடந்தவர்களுக்கு அது தெரியும். இப்போது நிழல் வேண்டுமென்றால் தோப்புக்குள்தான் வர வேண்டும்.

ஏப்ரல் 6

இந்த மாதமும் அடுத்த மாதமும் முழுச் சுற்று வேண்டாம். ரொம்ப ஆசையாக இருந்தால் அணையிலிருந்து கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் போய், வந்த வழியே திரும்புங்கள், ஒன்பது மணிக்குள் வீட்டில் இருங்கள்.

யானை பற்றி: இது யானைக் காடு இல்லை. ஆனாலும் 2023 கோடையில் இரண்டு யானைகள் காவேரிப்பட்டணம் பக்கம் வரை வந்தன, உயிர்ச்சேதமும் ஆனது. காலையில் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். யானை நடமாட்டம் இருந்தால் முதலில் தெரிவது டீக்கடைக்குத்தான்.

ஜூன் 8

மாங்காய் அறுவடை. பெங்களூரா, செந்தூரா, பீத்தர், அப்புறம் கடைசியில் நீலம். தோப்பில் காவலுக்கு ஆள் இருப்பார், தோப்பை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்த வியாபாரி வைத்த ஆள். அவருக்கு நம் முகம் தெரியாது, தோப்புக்காரருக்குத் தெரிந்திருந்தாலும் பயனில்லை. கீழே விழுந்த பழம்தானே என்று குனியாதீர்கள். காசு கொடுத்துக் கேளுங்கள், எடை போட்டதுக்கு மேலேயே கொடுப்பார்கள்.

பெங்களூராவை (கிளிமூக்கு என்பதும் இதுதான்) பழமாகத் தின்ன யாரும் தேடிப் போவதில்லை, கூழ் ஆலைக்குத்தான் போகிறது. ஆலை விலை குறைத்த வருஷம் தோப்போரம் மாங்காய் குவியலாக அழுகிக் கிடக்கும், அந்தப் பக்கம் நடக்கவே மனசு வராது. கிளிமூக்கு மாங்காயை மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், நடைக்கு அதைவிட நல்ல தீனி இல்லை.

ஜூலை 13

முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தாயிற்று. இன்றைக்குக் கால்வாய்க் கரையில் நடந்தேன். முதல் தண்ணீர் கால்வாயில் காய்ந்து கிடந்த இலை, குச்சி, பாட்டில் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஒரு பிரிவாய்க்கால் மதகில் இரண்டு பேர் கம்பால் குப்பையை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் வாரினேன். இடதுபுறக் கால்வாய்த் தண்ணீர் பாலேகுளி ஏரிக்குப் போய், அங்கிருந்து சந்தூர் வரை 28 ஏரிகளுக்கு நீட்டிப்பு இருக்கிறது. அந்தக் கடைசி ஏரிக்காரர்களுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது வருஷா வருஷம் கேள்விதான்.

கேள்வி கேட்ட முட்டத்துக்காரர் போன வாரம் நடந்து முடித்துவிட்டதாகத் தனியே எழுதியிருந்தார். ஆறு அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். கால்வாய்க் கரைக்கு மறுபடி வருவேன் என்கிறார். எனக்கு அதுவே போதும். அடுத்த தடவை வலதுபுறக் கால்வாயைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 20

மழைக்காலத்துக்கு முன் கடைசியாக ஒன்று. அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. நீர்வரத்து கூடி மட்டம் அதை நெருங்கினால் மதகு வழியாக ஆற்றில் உபரி நீரை விடுவார்கள். அணைக்குக் கீழே ஆற்றில் அது திடீரென்றுதான் தெரியும். 2017 நவம்பரில் முதல் மதகு உடைந்தபோது ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று கரையில் நின்று பார்த்தவள் நான். அப்புறம் மதகுகளை மாற்றிவிட்டார்கள், அது வேறு விஷயம். வெள்ள அபாய எச்சரிக்கை வந்த நாளில் ஆற்றோரப் பகுதியை முழுசாக விட்டுவிடுங்கள். போகவும் வரவும் கால்வாய்க் கரையே போதும், ஆனால் அது சுற்று நடையாக இருக்காது.

இரண்டு கால்வாயையும் சேர்த்து, ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கினால் வெள்ள நாளிலும் வட்டம் கிடைக்குமே என்று இப்போதுதான் தோன்றுகிறது. காவேரிப்பட்டணம் பக்கம் ஆற்றைப் பாலத்தில் கடக்க வேண்டும், சாலையில் கொஞ்ச தூரம் லாரிகளோடு நடக்க வேண்டியிருக்கும். அணைப் பக்கம் எப்படிக் கடப்பது? அணை மேல் நடக்க விடமாட்டார்கள். யாராவது அப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், ஆகஸ்டில் வந்து பார்க்கிறேன்.